எழுபதாயிரம் வீடும் தொண்ணூறாயிரம் வீடும்

திண்டுக்கல்லில் ஒரு ஆளிடம் வயசைக் கேட்கலாம். என்ன வியாதி, என்ன மாத்திரை என்று கேட்டால் சீட்டையே எடுத்துக் காட்டுவார்கள். மாச வருமானம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அதுவரை மோர் கொடுத்து உபசரித்தவர் முகம் பட்டென்று மாறிவிடும். இந்த வேண்டாத கேள்வியை வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் மேட்டுப்பட்டி டெய்சிக்குப் பிழைப்பு.

குடும்ப வருமானம் பற்றி ஆராய்கிற ஒரு நிறுவனத்துக்குக் கணக்கெடுக்கும் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தலையில் குடை. டவுன் பஸ் ஏறினால் பேகம்பூர், தாடிக்கொம்பு என்று எங்கே அனுப்பினாலும் போவாள். இந்த எட்டு வருசத்தில் நம்ம ஜனங்களின் சூத்திரம் அவளுக்கு அத்துப்படி. கணக்கெடுக்க ஆள் வந்தால் வருமானத்தைப் பாதியாக்கு. சம்பந்தம் பேச ஆள் வந்தால் இரண்டு மடங்காக்கு. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லா வீட்டிலும் இது ஒன்றுபோல நடக்கிறது, என்ன ஒற்றுமை பாருங்கள்!

தாடிக்கொம்புப் பக்கத்து ஊரில் ஒரு பூந்தோட்டக்காரம்மாவும் அப்படித்தான் சொன்னாள். தோட்டத்தில் மல்லி கிள்ளிக்கொண்டிருந்தவள், டெய்சியைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒப்பாரி வைக்காத குறைதான்.

"என்னத்த வருமானம் மேடம்? மல்லி முகூர்த்த நாள்ல கிலோ ரெண்டாயிரம் விக்கும், மறுநாள் இருநூறுக்கு நாதியில்ல. மருந்து, கூலி போக எங்க வீட்டுக்கே மாசம் எட்டாயிரம் வந்தா பெருசு. இதச் சொன்னதால ரேசன் கார்டுல கை வச்சுர மாட்டீங்களே?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா. இங்க கேட்டது இங்கயே இருக்கும்" என்று டெய்சி வழக்கமான வாக்கைக் கொடுத்துவிட்டு, எட்டாயிரம் என்றே பதிந்துகொண்டு வந்தாள். போகும்போது அந்தம்மா ஒரு கை மல்லியை அள்ளிக் கொடுத்தாள்.

அடுத்த மாசம் டெய்சி மகள் ரீனாவுக்கு வரன் வந்தது. ரீனா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை பிரிட்டோ பள்ளிக்கூட வாத்தியார். நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கும் டெய்சியின் புருசன் பிராங்கிளினுக்கு, கூட வேலை பார்க்கும் ரொனால்டுதான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் இரண்டும் போனில் பேசியாயிற்று. போனை வைத்த பிறகும் ரீனா அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். டெய்சிக்கு வேறென்ன வேண்டும்?

வந்த வினை பிராங்கிளின் வாயில் இருந்தது. "எங்க வீட்டு வருமானம் எழுபதாயிரம்னு ரொனால்டுகிட்ட சொல்லிட்டேன்" என்றார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே.

"எழுபதா? இதுல நாப்பத்திரெண்டுக்கு மேல எங்கிட்டு இருந்துங்க வருது?"

"அட, அவுக தொண்ணூறாம்ல! நம்ம கொறச்சுச் சொன்னா பொண்ணு எடுப்பாகளா? நீ சும்மா இரு டெய்சி."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ரொனால்டு கூட்டிவர, பிரிட்டோவும் அவன் வீட்டாரும் வந்து இறங்கினார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அப்பா ஸ்தனிஸ்லாஸ், கஞ்சி போட்ட சட்டை விறைக்க வந்தார். பின்னால் பட்டுச் சேலையும் கழுத்து கொள்ளாத நகையுமாக அம்மா ஆனந்தமேரி. வாசலில் நின்று வரவேற்ற டெய்சி கும்பிட்ட கையை இறக்க மறந்தாள். அடி ஆத்தி! எட்டாயிரம் ரூபாய் பூந்தோட்டக்காரம்மா!

ஆனந்தமேரிக்கும் ஆளை அடையாளம் தெரிந்துபோயிற்று. உள்ளே உட்காரவைத்துக் கொடுத்த லட்டு வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அவசரமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

ஆம்பளைகளுக்கு இது எங்கே தெரியப்போகிறது? அவர்கள் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டம், தண்ணி, பூ, பையன் சம்பளம் என்று ஸ்தனிஸ்லாஸ் தொண்ணூறாயிரத்தை விரித்துக் காட்டினார். அந்த வீட்டுக்கு ஏற்றபடி செய்ய வேண்டாமா என்று பிராங்கிளினுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஏசி மண்டபம் பாத்துருவோம். எம்மகளுக்கு இருபத்தஞ்சு பவுன் போடுறேன்" என்றார்.

அடுப்படிக் கதவோரம் நின்ற ரீனாவின் முகம் வெளுத்துவிட்டது. டெய்சி மனசுக்குள் கணக்குப் போட்டாள். தங்கம் விற்கிற விலைக்கு இருபத்தைந்து பவுன் என்றால் இந்த வீடு பேங்குக்குப் போகும். எதிர்த்தரப்பின் தொண்ணூறு பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டாளே! வேலைக்குப் போன இடத்தில் கேட்டதைச் சம்பந்தம் பேசுகிற இடத்தில் அவிழ்த்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. சரி, அடுத்த வீட்டுக் கணக்கைத்தானே சொல்லக்கூடாது? அவள் நாற்காலியைப் புருசனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குடும்பத் தலைவர் பேரு?" என்றாள், வேலைக் குரலில்.

பிராங்கிளின் முழித்தார். "என்ன டெய்சி வெளையாட்டு?"

"பேரு சொல்லுங்க."

"பிராங்கிளின்."

"பிடித்தம் போக போன மாசம் கையில வாங்குன சம்பளம்?"

அந்தக் குரலுக்கு ஊரே பதில் சொல்லும், இவர் எம்மாத்திரம்? "பத்தொம்பது" என்று வந்துவிட்டது. வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒம்பது. ரீனாவுக்குப் பதினாலு. மொத்தம் நாப்பத்திரெண்டாயிரம். இவ கட்டிக்கிட்டுப் போயிட்டா எங்களுக்கு மிச்சம் இருபத்தெட்டு" என்று டெய்சி வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். "இவரு எழுபதுன்னது ஆசையில சொன்னதுங்க. எட்டுப் பவுன் சேத்து வச்சிருக்கோம், அதுதான் எங்களால ஆகும். பிடிச்சா எடுத்துக்குங்க, இல்லன்னா சந்தோசமா சாப்டுட்டுப் போங்க."

பிராங்கிளின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். ஸ்தனிஸ்லாஸ் சட்டைக் காலரைத் தளர்த்தினார். ரொனால்டு சுவரைப் பார்த்தார். ஆனந்தமேரி எழுந்தாள். அவ்வளவுதான், போகப்போகிறார்கள் என்று டெய்சி நினைத்தாள்.

அந்தம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து டெய்சி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "எங்கிட்டயும் கேளுங்க மேடம்."

"அது வேண்டாங்க, நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க சொல்லாட்டி நானே சொல்றேன். அன்னிக்கு எட்டுன்னேன், ரேசன் கார்டு போயிருமோன்னு பயம். இந்த மனுசன் தொண்ணூறுன்னது பவுசு. வருசத்துக்கும் சேத்துப் பாத்தா பூவுல பதினெட்டு நிக்கும், பையனுக்குப் பதினாறு. முப்பத்திநாலு, அம்புட்டுத்தான்! இந்தச் சேல எங்க நாத்தனாருது. சங்கிலியும் அவளுதுதான். அரிக்குது, கழட்டி வைக்கவா?"

ரொனால்டுதான் முதலில் சிரித்தார். அப்புறம் வீடே சிரித்தது. சம்பந்திமார் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஏசி மண்டபம் போயிற்று, கோவில் ஹால் வந்தது. பிரியாணியை மட்டும் யாரும் குறைக்கச் சம்மதிக்கவில்லை, அது திண்டுக்கல்லின் மானப் பிரச்சினை அல்லவா!

பேச்சு முடிகிற நேரத்தில் ரீனா வெளியே வந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆனந்தமேரிக்கு முன்னால் நின்றாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லிர்றேன். கல்யாணத்துக்கு அப்புறமும் எஞ்சம்பளத்துல மாசம் அஞ்சாயிரம் எங்கம்மாகிட்ட குடுப்பேன். பின்னால தெரிஞ்சு சண்டை வரக்கூடாது."

"ஏய் ரீனா, என்ன பேச்சு இது?" என்று பிராங்கிளின் பதறி எழுந்தார். மகள் பணத்தைக் கல்யாணத்துக்கு அப்புறமும் வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?

பிரிட்டோ அம்மா முகத்தைப் பார்த்தான். ஆனந்தமேரி ரீனாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"எம்மகன் சம்பளத்த எங்கையில குடுக்கையில எனக்கு இனிக்குது. உங்கம்மாவுக்கு மட்டும் கசக்குமா? குடு தாயி. உன்னயப் படிக்க வச்சது அவுகதான."

பிராங்கிளின் தண்ணி கொண்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனார். செம்பு நிறையத் தண்ணீர் மேசைமேலேயே இருந்தது. போனவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வர நேரமாயிற்று, டெய்சி அவரை ஒன்றும் கேட்கவில்லை.