விளம்பரத்தின் கடைசி வரி

வீடுகளுக்கு ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதுவது என் பிழைப்பில் பாதி. மீதிப் பாதி, சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடுவது. பூக்கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் வீட்டு ஏஜண்ட் ஆபீஸ். மல்லிகை வாசம் மேலே வரும், வியாபாரம்தான் வராது.

வாடகை வீட்டைப் பற்றி எழுத ஒரு கைப்பிடி வார்த்தை இருந்தால் போதும். கட்டில் போட்டால் கதவு திறக்காத அறை என்றால் 'கோசி'. லோரிச் சத்தத்தில் டீவி கேட்காத வீடு என்றால் 'ஈசி ஹைவே ஆக்சஸ்'. சுண்ணாம்பு உரிந்த சுவருக்கு ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட்டால் அது 'நியூலி ரெனவேட்டட்'. மேருவில், ஃபாக்டரிப் புகை வாசலுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போகும் ஒரு தாமான் குடியிருப்பை 'மெச்சூர் நெய்பர்ஹுட்' என்று எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே இருந்த எல்லாருக்கும் வயதாகியிருந்தது.

கடைசி வரியை மட்டும் நான் யோசிப்பதில்லை, அதை ஓனர் சொல்வார். முன்பெல்லாம் 'நோ இண்டியன்' என்று பச்சையாகவே போடச் சொல்வார்கள். இப்போது நாகரிகம் வளர்ந்துவிட்டது, குரலைத் தணித்து, "யூ அண்டர்ஸ்டேண்ட் லா" என்கிறார்கள். நானும் புரிந்துகொண்டு, 'ஓனர்ஸ் பிரிஃபரன்ஸ் அப்ளைஸ்' என்று தட்டிவிடுவேன். என்னைப் போன்ற தமிழர்களுக்கு அந்த வீடு இல்லை என்று அர்த்தம். சிலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யூ டோன்ட் ஆங்ரி ஆ, யூ டிஃபரெண்ட்" என்று சமாதானம் வேறு சொல்வார்கள். எனக்குக் கோபம் இல்லை. பல வருடம் கோபப்பட்டுப் பார்த்து, அதுவும் அலுத்துப்போய்விட்டது.

போன வருடம் எங்களுக்கே வீடு தேட வேண்டி வந்தது. கிள்ளானில் நாங்கள் குடியிருந்த டெரஸ் வரிசை வீட்டின் ஓனர், மகனுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்றார். நல்ல மனிதர், கல்யாணப் பத்திரிகையும் கொடுத்தார். மகள் ஃபார்ம் ஃபைவ், வருடக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை. இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தை மாற்ற முடியாது. அதனால் கிள்ளானுக்குள்ளேயே, மாதம் முடிவதற்குள், ஒரு வீடு வேண்டும்.

வாடிக்கையாளருக்குத் தேடுவது போல எனக்கும் தேட ஆரம்பித்தேன். மற்ற கம்பெனி ஏஜண்டுகளுக்கு ஃபோன் போட்டால் முதல் கேள்வி, "டெனன்ட் வாட் ரேஸ் ஆ?"

"இண்டியன். ஃபேமிலி. மீ லா."

அப்புறம், "அலாமாக், யூ ஆ? நாட் மீ, ஓனர் லா" என்பார்கள். உண்மைதான். நானும் அப்படிச் சொல்கிற ஆள்தானே, எந்த முகத்தோடு சண்டை போடுவது?

எனக்குத் தாலி கட்டிய வீட்டுக்காரர் துறைமுகத்தில் டெக்னீஷியன். சாயங்காலம் கிரீஸ் கறையோடு வந்து நாற்காலியில் விழுந்ததும், "கிடைச்சிச்சா?" என்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். "ஊருக்கெல்லாம் வீடு பிடிச்சுக் குடுக்குறவ வீட்டுக்கு வீடு இல்லையா? நல்லாத்தான் இருக்கு போ" என்று சிரிப்பார். வாரம் போகப் போக அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆன்டி ஃபோன் செய்தார். கிள்ளானிலேயே ஒற்றை மாடி வீடு, கார்னர் லாட். ஸ்ரீ கெம்பாங்கானில் மகன் வீட்டோடு போகப்போகிறாராம், வாடகைக்கு விட ஒரு விளம்பரம் போட வேண்டும். "ஒரு தரம் வந்து பாருங்கம்மா" என்று தமிழில் சொன்னதுமே என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நம்ம ஆளு, இனிமேல் கவலை இல்லை. மகளின் டியூஷன் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே வந்துவிடுங்கள் என்று வீட்டுக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன். ஆன்டி இவர்களை நேரில் பார்க்கட்டும், அப்புறம் வாயைத் திறந்து கேட்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நல்ல வீடு. ஜன்னல் கம்பிகளுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. சமையலறையில் மத்தியானத்திலும் விளக்குப் போட வேண்டாம். பக்கவாட்டில் ஒரு சின்ன அறை, மேஜை போட்டால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். விளம்பரத்துக்கு நான்கைந்து படம் எடுத்தால் போதும், நான் அந்த அறையை மட்டுமே அத்தனை படம் எடுத்திருப்பேன். 'பிரைட் அண்ட் ஏரி' என்று எத்தனையோ பொந்துகளுக்கு எழுதியிருக்கிறேன். இந்த வீட்டுக்கு அது மெய்யாகவே பொருந்தியது.

ஆன்டி டீ போட்டு, ஒரு தட்டில் முறுக்கும் வைத்தார். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"எந்த மாதிரி ஆளுங்களுக்கு விடணும் ஆன்டி?"

"யாரா இருந்தாலும் பரவால்லம்மா. சீனவங்க, மலாய்க்காரவங்க, வெளிநாட்டுல இருந்து வந்து வேலை பாக்குறவங்க, யாரும் ஓகே. நம்ம ஆளுங்க மட்டும் வேணாம்."

அவர் என் முழங்கையைத் தட்டிச் சிரித்தார்.

"நம்மளப் பத்தி நமக்குத் தெரியாதா? தாளிக்கிற வாடை சுவத்துல ஏறிடும். சொந்தக்காரங்க வந்தா ஒரு லோரி நிறைய வந்து இறங்குவாங்க. நீங்களே இந்தத் தொழில்ல எவ்வளவு பாத்திருப்பீங்க!"

அவர் சமையலறையிலிருந்து மீன்குழம்பு வாடை வந்துகொண்டுதான் இருந்தது, நல்ல மணம். அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தன் கட்சிக்காரியிடம் பேசுவது போலத்தான் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது எப்படி என் வீட்டுக்காகக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கேட் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வேலை உடுப்போடு நின்றார், பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு மகள்.

"ஹலோ ஆன்டி, வீடு பாக்க வந்தோம்" என்றார் அவர்.

ஆன்டி எழுந்து வாசலுக்குப் போனார். குரலில் தேனைத் தடவிக்கொண்டு, ஆங்கிலத்துக்கு மாறினார்.

"சாரி ஆ, ஹவுஸ் ஆல்ரெடி டேக்கன்."

நானே சொல்கிற வாக்கியம்தான். ஃபோனில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன், கேட்டவர் முகம் எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. மகள் ஆன்டியைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்த்தாள்.

"ஆன்டி, இவரு என் வீட்டுக்காரரு. இது எங்க மகள்" என்றேன்.

"ஐயய்யோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? உள்ள வாங்க தம்பி, உள்ள வாம்மா."

இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மறுபடியும் டீ வந்தது. ஆன்டி அவர் வேலையை விசாரித்தார். மகளிடம் எந்தப் பள்ளிக்கூடம், என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டார். அவள் நல்ல ஆங்கிலத்தில், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஆன்டியின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத்தான் வீடு வேணுமா? அப்ப நீங்களே எடுத்துக்குங்க. உங்களப் பாத்தா நம்ம ஆளுங்க மாதிரியே தெரியலம்மா."

மனதாரப் பாராட்டினார், அதில் சந்தேகமே இல்லை. எனக்குச் சுடச்சுட ஒரு பதில் வாய் வரை வந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் கண் திறந்திருந்த அந்தப் பக்கவாட்டு அறையில் இருந்தது. மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான்.

"தேங்க்ஸ் ஆன்டி" என்றேன்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். மகள் பரீட்சையை நன்றாக எழுதினாள், அடுத்த படிப்புக்கு இடத்துக்காகக் காத்திருக்கிறாள். ஆன்டி நல்ல ஓனர். குழாய் ஒழுகினால் மறுநாளே ஆள் அனுப்புவார், தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்தார். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாங்கள் மூவரும் இதுவரை பேசியதில்லை. அவர்கள் வருவதற்கு முன்னால் ஆன்டி சொன்னதையும் நான் சொல்லவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது என்று எனக்குச் சோர்வு, அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

போன சனிக்கிழமை மத்தியானம் கறி சமைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் வந்திருப்பதாகவும், எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாகவும் ஆன்டி ஃபோன் செய்தார். சரி என்று வைத்தேன். ஹாலில் இருந்த மகளிடம், "ஆன்டி வராங்களாம்" என்று மட்டும்தான் சொன்னேன். அவள் எழுந்தாள். ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் பாட்டை நிறுத்தினாள். வாசலில் கிடந்த செருப்புகளை அள்ளி உள்ளே வைத்தாள். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டு சமையலறைக்கு வந்து, எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள்.

"ஆன்டி போனதும் தாளிச்சிக்கலாம்மா" என்றாள்.