இருமிய புறா

பறவை எண்ணுவதென்றால் காட்டுக்குள் போய் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதானே, இதைவிட லேசான வேலை உண்டா என்று ஊரில் எல்லோரும் மெலேட்டாவைக் கேலி செய்வார்கள். நிற்கத்தான் அவளை யாரும் விடுவதில்லை.

பசிபிக் கடலின் நடுவே இருக்கிற நியுவே தீவில் ஒருவரைக் கண்டும் பேசாமல் போனால் அது பெரிய மரியாதைக் கேடு. பாதையோரம் அவள் அசையாமல் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், கிழங்குத் தோட்டத்துக்குப் போகிற பைக்கெல்லாம் நிற்கும்.

"என்ன மெலேட்டா, வண்டி பஞ்சராயிடுச்சா?"

அவள் உதட்டில் விரலை வைப்பாள்.

"அடடா, பல்வலியா? கிராம்பு வச்சுப் பாரேன்."

அவ்வளவுதான், அதுவரை காதால் எண்ணிய பறவைச் சத்தமெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து.

கணவன் நியூசிலாந்துக்குப் பிழைக்கப் போனபின், தோட்டத்தில் முதுகொடிவதைவிட இது மேல் என்று அரசு அலுவலகத்தில் சேர்ந்த வேலை. இந்த வருஷம் அதிலே ஒரு வம்பு. அவள் எண்ணிக்கையில் காட்டுப் புறா போதுமான அளவு இருந்தால்தான் டிசம்பரில் வேட்டைக்கு அனுமதி. குறைந்துபோயிருந்தால் துப்பாக்கியைத் தொடக் கூடாது. தேங்காய்ப்பாலில் வெந்த புறாவென்றால் மெலேட்டாவுக்கும் உயிர். ஆனாலும் கேட்டதைத்தான் எழுதுவாள்.

நல்லவேளையாக அந்த வாரம் போகிற இடமெல்லாம் புறாச் சத்தம். கிழக்கே ஒன்று கூவினால் மேற்கே ஒன்று பதில் சொன்னது. "டிசம்பருக்குத் தோட்டாவைத் தயாரா வச்சுக்கோங்கப்பா" என்று ஊரில் சொல்லியே விட்டாள்.

அன்று காலையும் அப்படித்தான். ஆலமரத்துப் பக்கம் புறா நீளமாகக் கூவியது. அப்புறம் இருமியது.

மெலேட்டா பேனாவைக் கீழே போட்டாள்.

"வெளியே வாடா!"

கையில் பாதி சிகரெட்டோடு வந்து நின்றான் தோகியா, அவள் கணவனின் தம்பி. வேட்டைக்காரர்கள் உள்ளங்கையைக் குவித்துப் புறா மாதிரியே கூவுவார்கள், புறாவே ஏமாந்து பக்கத்தில் வரும்.

"உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான் அண்ணி..."

"ஒத்தாசையா? எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

தோகியா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.

"இந்த வாரம் பூராவுமா?"

"நான் மட்டும் இல்ல. வேற எங்கயோ நம்ம சர்ச் டீக்கன் ஐயாவும்..."

"டீக்கனுமா!"

அந்த நேரம் பார்த்து மேற்கே டீக்கனின் புறா கம்பீரமாகக் கூவியது.

மெலேட்டாவுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஒரு வார உழைப்பு மண்ணாய்ப் போயிற்று. எண்ணிக்கை வராவிட்டால் அலுவலகம் பேசாமல் வேட்டையை நிறுத்திவிடும்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரையும் கூட்டிவந்து, தன் கண்ணெதிரே பாறைமேல் உட்காரவைத்தாள். "வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்."

கிளிகள் கத்தின. சின்னப் பழப்புறா எங்கோ முனகியது. பெரிய காட்டுப் புறாவின் சத்தம் மட்டும் வரவே இல்லை. அடுத்த இடத்திலும் இல்லை. அதற்கடுத்த இடத்திலும் இல்லை.

டீக்கன் ஃபபோய்க்குப் பொறுக்கவில்லை. "இருக்கும்மா, கண்டிப்பா இருக்கு. நான் கூவுறப்பெல்லாம் கிழக்கால ஒரு புறா விடாம பதில் சொல்லிச்சே. நல்ல கொழுத்த ஆம்பளப் புறா. குரலைக் கேட்டாலே தெரியும்."

தோகியா காதைச் சொறிந்தான்.

"ஐயா... அது நான்தான்."

"நீயா?"

"நீங்க இவ்வளவு கிட்ட இருக்கீங்கன்னு தெரியாம, நீங்க கூவினதைத்தான் நானும் புறான்னு நெனச்சுக்கிட்டு..."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மெல்லத் திரும்பி, காட்டைப் பார்த்தார்கள்.

மெலேட்டா நோட்டை விரித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பாக்கலாமா அண்ணி?"

அவளுக்கும் அதே ஆசைதான். பேனாவைத் திறந்து, புறாவுக்கு நேரே பூஜ்யம் போட்டாள்.

"எழுந்திருங்க" என்றாள். "அடுத்த இடம் தூரம்."