தம்பிக்குத் தர முடியாத சிறுநீரகம்

என் தம்பி பந்தல்குடியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகுவலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வருடக்கணக்காக விழுங்கியவன். கால் வீங்கியபோதுகூட, உட்கார்ந்தே ஓட்டுவதால் என்றுதான் நினைத்தோம். ரத்தப் பரிசோதனையில், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய கிரியேட்டினின் ஏழைத் தாண்டியிருந்தது.

"அது உடம்புல உண்டாகுற கழிவு. நல்ல கிட்னி அதை வடிகட்டி வெளியேத்திரும். முடியாமப்போனா ரத்தத்துலயே தங்கிரும்," என்றார் மதுரை டாக்டர். எங்கள் பக்கம் அதை 'உப்புக் கூடிருச்சு' என்பார்கள். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் தொடங்கியது.

அவன் மனைவியின் ரத்த வகை சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது.

"நான் தாரேன்டா."

"ஒனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குக்கா."

"ஒரு கிட்னி இருந்தாலே போதும்னு டாக்டரே சொல்றாக. பேசாம இரு."

எனக்கும் பரிசோதனைகள் நடந்தன. அதில் ஒன்றுக்கு, ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைக் கேனில் சேர்க்க வேண்டும். மில்லுக்கு லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். ஒரு சொட்டு சிந்தினாலும் தம்பிக்குக் குறைந்துபோகும் என்பதுபோல் பயம். மறுநாள் மதுரை பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, "எண்ணெயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டாக்டர் முடிவை வாங்கிப் பார்த்தார்.

"ஒங்க சிறுநீர்ல புரதம் ஒழுகுதும்மா. நல்ல கிட்னி அதை விடாது. ஒங்களுக்கே பழுதாக ஆரம்பிச்சிருக்கு. நீங்க குடுக்க முடியாது."

"எனக்கு ஒரு நோவும் இல்லையே சார்?"

"பாதிக்கு மேல கெட்டாலும் வெளிய தெரியாதும்மா."

தம்பியைப் பார்க்கப் போனபோது அவன் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்தான். கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக மிஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தே கேட்டான்.

"சேரலையாக்கா?"

"எனக்கும் கிட்னி கெட்டுக்கிட்டு வருதாம்டா."

ஊசி குத்தாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "நல்லவேளை, இப்பவே பாத்துட்ட. என்னைய மாதிரி முத்த விட்டுறாத." கொடுக்கப் போனவள் நான், ஆறுதல் சொன்னவன் அவன். அங்கேயே அழுதுவிட்டேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். முறை வரவில்லை. அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை, டயாலிசிஸுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். கிட்னி கெட்டால் இதயமும் தாங்காதாம்; நின்றுவிட்டது.

நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்கிறேன். போன வாரம், "புரதம் கூடலைம்மா, அப்படியே இருக்கு," என்றார்கள். வரும் வழியில் பந்தல்குடியில் இறங்கித் தம்பி மனைவியிடம் சொன்னேன்.

"சரி மதினி," என்றவள், அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். இந்த நல்ல சேதியைச் சொல்ல இந்த வீட்டுக்கா வந்தேன் என்று நான் வாசலிலேயே நின்றேன்.