அங்கியும் ஜிகினாப் பாவாடையும்

ஊசியில் நூல் கோப்பது சுலபம். வாடிக்கையாளர் மனதில் இருப்பதைத் துணியில் கொண்டுவருவதுதான் கஷ்டம் என்பது, மெஷின் மிதித்த என் சக பாவிகளுக்குத் தெரியும். பர் துபாயில் எங்கள் கடைக்கு முதலாளி காயல்பட்டினத்துக்காரர். எல்லோருக்கும் அவர் காக்கா, அவர்கள் ஊரில் அண்ணன் என்று அர்த்தம். எனக்கு வாய்த்த வாடிக்கையாளர்களோ இரண்டே வகை: ஹோட்டலில் ஆடிப்பாடும் ஸ்பானிஷ் பாஷைக்காரர்கள், சர்ச் சாமியார்கள்.

சீ!

கொலம்பியாவிலிருந்து வந்த பாடகி மாரிசோல். முதல் தடவை அளவெடுக்கும்போது, "லூஸ் ஓகே?" என்றேன். "சீ!" என்றார். "ஷார்ட் ஓகே?" "சீ, சீ!" எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. ஆகஸ்ட் மாசம், வியர்வை நாற்றமோ என்று சட்டையை மோந்து பார்த்தேன். கல்லாவிலிருந்து காக்கா முறைத்தார். பொம்பளை விஷயத்தில் புகார் வந்தால் விசா கேன்சல்தான். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மறுநாள் மாரிசோல் நாலு ஆட்டக்காரிகளோடு வந்து நின்றார். அவர்கள் பாஷையில் சீ என்றால் ஆமாம் என்று பக்கத்துக் கடை பிலிப்பினோ பெண்தான் விளக்கினாள். காக்கா என் காதருகில் சொன்னார்: "சீ சீன்னுட்டே நாலு பேரக் கூட்டியாந்திருக்காவ. இன்னும் நல்லாத் திட்டு வாங்குடா!"

ஏரோது போட்ட மேலங்கி

ஃபாதர் அமல்ராஜ் தூத்துக்குடிக்காரர். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது மன்னனுக்கு மேலங்கி கேட்டார். மாரிசோலின் சிவப்பு ஜிகினாப் பாவாடையில் வெட்டிய மிச்சம் என்னிடம் இருந்தது. மிச்சத் துணி யாருக்குச் சொந்தம் என்று தையல்காரனிடம் கேட்கக் கூடாது. பளபளவென்று தைத்துக் கொடுத்தேன்.

நாடகத்துக்கு ஃபாதர் என்னையும் அழைத்திருந்தார். முன்வரிசையில் மாரிசோல்! அவரும் அதே சர்ச் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஏரோது மேடையேறியதும் அவர் மெதுவாகத் திரும்பி என்னைத் தேடினார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். வாசலில் பிடித்துவிட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: "உன் ராஜாவுக்கு என் பாவாடை ரொம்ப நல்லாப் பொருந்துது."

இரண்டு நோன்பு

"ஈஸ்டருக்குப் போடுற அங்கி. அதுக்கு முன்னாடி தவக்காலத்துல நோன்பு இருந்து எப்படியும் இளைச்சிடுவேன், ரெண்டு இஞ்சு குறைச்சே தை" என்றார் ஃபாதர். தைத்தேன். போட்டுப் பார்க்க வந்தபோது வயிற்றில் பட்டன் சேரவில்லை. அந்த வருஷம் ரமலானும் தவக்காலமும் சேர்ந்து வந்திருந்தன. பக்கத்து ஊர்க்காரர் என்ற பாசத்தில் காக்கா அவருக்குத் தினமும் தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி அனுப்பியிருக்கிறார், கூடவே வடை, சமோசா.

ஃபாதர் மூச்சை இழுத்துப் பிடித்தும் பார்த்தார். பிறகு விட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரே மாசத்துல ரெண்டு நோன்பு வந்தா மனுஷன் எப்படி முருகேசா இளைப்பான்?"

ஒரு கை அங்கி

அங்கியைப் பிரித்துத் தைத்து, மறுபடி ஃபாதருக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை வைத்தாயிற்று, இன்னொரு கை வைக்கவில்லை. அக்குள் பக்கம் முழுக்கக் குண்டூசி. அப்போது மாரிசோல் உள்ளே வந்தார். கண் வீங்கியிருந்தது. ஊரில் அவர் அம்மா இறந்துவிட்டார். ஹோட்டலில் லீவ் கிடைக்கவில்லை. சாயங்காலம் அடக்கத்தை போனில்தான் பார்க்க வேண்டும். அதற்கு உடுத்த, இருக்கும் கறுப்புப் பாவாடையை உடனே இடுப்பில் பிடித்துத் தைத்துத் தரச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார்.

ஃபாதர் ரோமில் படித்தவர். இத்தாலியன் பேசினால் ஸ்பானிஷ்காரர்களுக்குப் பாதி புரியுமாம். அப்படியே, ஒரு கை அங்கியோடு போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். கால் மணி நேரம். நான் கையிலிருந்த குண்டூசிகளைக் கீழே வைத்தேன். காக்கா எழுந்து கடைக் கதவைச் சாத்தினார்.

மாரிசோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், அப்போதுதான் ஃபாதரின் வெறும் கையைக் கவனித்தார், அழுகையோடு சிரித்துவிட்டார். அவர் ஸ்டூலில் உட்கார, நான் பாவாடையைத் தைத்துக் கொடுத்தனுப்பினேன். அவர் தெருவைத் தாண்டும்வரை அசையாமல் நின்ற ஃபாதர், பிறகு பல்லைக் கடித்தபடி சொன்னார்: "முருகேசா, ஜெபத்துக்கு நடுவுல சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அக்குள்ள குத்துற ஊசிய இப்ப எடுப்பா."

ஆட வந்தவரும் ஆசீர்வதிக்க வந்தவரும் எங்கள் கடையில் ஒரே திரைக்குப் பின்னால்தான் உடை மாற்றுகிறார்கள். வெளியே வந்ததும் இரண்டு பேருமே கண்ணாடியைத்தான் முறைக்கிறார்கள், திட்டு மட்டும் எனக்கு.