நவரட்ணம் யப்பானில் இருந்த நாட்கள்

நவரட்ணம் யப்பானுக்குப் போன கதையை ரொறன்ரோவில் வெல்லெஸ்லிப் பக்கத்தில் எந்தத் தமிழ்க் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். மரக்கறி நிறுப்பவர் தொடங்குவார், வரிசையில் நிற்பவர் முடித்துவைப்பார். கண் கலங்காமல் அதைச் சொன்னவர் இல்லை. சொல்லட்டும், பாவம். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மனிதர் எயார்போட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹொட்டேல் சமையலறையில் வேலை செய்தார். கோப்பை கழுவத்தான் சேர்ந்தார். கலியாண விருந்துகளுக்கு ஐஸில் அன்னம் செதுக்குகிறவனுக்கு ஒரு குளிர்காலம் நாரி பிடித்து நிமிர முடியாமல் போக, ஐஸ்பாளம் தூக்கிக்கொண்டிருந்த நவரட்ணத்தின் கையில் தலைமைச் சமையல்காரர் உளியைக் கொடுத்தார். அவர் செதுக்கிய முதல் அன்னம் வாத்து மாதிரித்தான் இருந்தது. ஆனால் விருந்து முடியும்வரை கழுத்து முறியாமல் நின்றது. அதனால் அந்த வேலை அவருக்கே நிரந்தரமாயிற்று. கூடவே குளிரறை ஒரு வரட்டு இருமலையும் கொடுத்தது. இரண்டு தரம் இருமுவார், கொஞ்சம் பொறுத்து மூன்றாந்தரம். எலிவேற்றர் கதவு திறக்க முன்னமே ஆள் வருகிறார் என்று பதினோராம் மாடி முழுக்கத் தெரிந்துவிடும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹொட்டேல்காரர்கள் யப்பானிலே சப்போரோ என்ற நகரத்துப் பனி விழாவுக்கு மூன்று பேரை அனுப்பத் தீர்மானித்தார்கள். அந்த மூன்று பேரில் நவரட்ணமும் ஒருவர். ஒரு பனிக்கரடி, அதன் முதுகில் ஒரு குட்டி. இதுதான் செய்யவேண்டிய உருவம். குட்டியின் முகம் நவரட்ணத்தின் பொறுப்பு. ஹொட்டேல் பின்பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் பனியைக் குவித்து இறுக்கி, தை மாதம் முழுக்கப் பழகினார்கள். குட்டிக்கு மூக்கு வைக்கிற இடம் வந்தால் மனிதர் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறந்து நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் ஆசைப்பட்டு ஒரு இடத்துக்குப் போவது இதுதான் முதல் தடவை. அதுவரை போன இடமெல்லாம் துரத்தப்பட்டுப் போனதுதான்.

விஷயம் பத்மநாதன் காதில் விழுந்தது. அந்தக் கட்டடத்துத் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர் அவர். மைக் ஒன்று கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். கீழே விருந்து அறையில் கூட்டம் வைத்து மாலை போட்டார்.

"ஸ்னோவைக் கண்டால் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிற எங்கட சனத்தில, ஸ்னோவைப் பிடிச்சுக் கரடி செய்யப் போற முதல் ஆள் எங்கட நவரட்ணம்!"

சனம் கைதட்டியது. தமிழ் றேடியோவிலும் வாழ்த்துச் சொன்னார்கள். கூட்டம் முடிந்து மேலே வந்தபோது, பக்கத்து வீட்டுச் சண்முகலிங்கம் தன் ஜக்கெற்றைக் கொண்டுவந்து நீட்டினார். வாத்துச் சிறகு வைத்துத் தைத்தது, முழங்கால் மட்டும் வரும். அவரிடம் இருந்த ஒரே நல்ல ஜக்கெற் அதுதான்.

"இந்தா நவம். அங்கை இஞ்சையிலும் பாக்கக் குளிராம்."

"அப்ப உங்களுக்கு, லிங்கண்ணை?"

"பழசு ஒண்டு கிடக்கு. பத்து நாள்தானே, சமாளிப்பன்."

சண்முகலிங்கம் தனி ஆள். பெண்சாதி பிள்ளைகள் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். இரவில் பாண் பேக்கரியில் வேலை, பகலில் வீட்டில் உறக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதிலும் அந்தப்பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப்பக்கம் கேட்கும். கூடப்பிறக்காத குறைதான். காய்ச்சல் தலையிடி என்றால் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான்.

எயார்போட்டில் கவுண்டரில் நின்ற பிள்ளை நவரட்ணத்தின் நீலப் பயணப் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். உள்ளே போனாள், வந்தாள். கனடாப் பாஸ்போட் என்றால் யப்பானுக்கு விசா தேவையில்லை. அகதியாய் வந்தவருக்குக் கொடுத்த பயணப் புத்தகம் என்றால் தேவை. ஹொட்டேலில் ரிக்கெற் போட்ட கிளடிஸுக்கு அது தெரியாது. மற்ற இரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள், அதனால் அவள் ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. நவரட்ணத்துக்குக் கனடாப் பிரசையாகச் சத்தியம் செய்ய இன்னும் சில கிழமைகள் இருந்தன. மற்ற இரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

அவர் டாக்சி பிடித்து வந்து, குப்பை போடுகிற பின்வாசலால் நுழைந்து, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பதினொரு மாடியும் படியில் ஏறினார். வேலையால் வந்த மனைவி பாலேஸ்வரி, இருட்டுக்குள் கட்டில் ஓரத்தில் இருந்த புருசனைக் கண்டு "ஐயோ!" என்று கத்தப்போனாள். அவர் ஓடிப்போய் வாயைப் பொத்தினார்.

"விசா இல்லையெண்டு திருப்பிப்போட்டாங்கள் எண்டு சொன்னால் ஆர் என்ன சொல்லப் போகினம்?" என்று கதையைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

"மாலை போட்டவங்கள் சொல்லுவாங்கள். றேடியோவில வேற சொல்லிப்போட்டாங்கள். என்னால ஏலாது, பாலேசு. ஹொட்டேலில வேற தமிழ் ஆக்கள் இல்லை, கதை வெளியில வராது. பத்து நாள் இஞ்சையே ஒளிச்சு இருப்பன். பிறகு பெட்டியோட வந்து இறங்கின மாதிரிக் காட்டுவம்."

"பிறம்ரனில என்ர தம்பியிட்டை எண்டாலும் போய் நில்லுங்கோ."

"உன்ர தம்பியிட்டைச் சொல்லுறதும் றேடியோவில சொல்லுறதும் ஒண்டுதான்!"

இப்படித்தான் ஒரு வளர்ந்த மனிதர் தன் வீட்டுக்குள் தானே கள்ளனாய் ஒளித்தார். பாலேஸ்வரி வேலைக்குப் போனபின் அந்த வீட்டில் ஆள் இல்லை என்றுதானே கணக்கு? ரீவி போட முடியாது. குழாய் திறக்க முடியாது. கக்கூசுக்குப் போனால் தண்ணீர் இழுத்துவிடாமல், அவள் வரும்வரை மூடிவைக்கவேண்டும். முதல்நாள் மட்டும் மறந்துபோய் இழுத்துவிட்டார். சத்தம் அடங்கும்வரை மூடியை இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு நின்றார். இருமல் வந்தால் துவாயைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு தலையணைக்குள் முகத்தைப் புதைத்தார். யன்னல் சீலையில் ஒரு விரல் நீக்கல் விட்டு, கீழே சனம் காற்றுக்குக் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்ப்பார். கிளடிஸ் கொடுத்த விழாப் புத்தகம் ஒன்று இருந்தது. பட்டாளத்து லொறிகளில் பனி கொண்டுவந்து கட்டிய மாளிகைகள், நடுவில் நீண்ட தோட்டம், வெளிச்சம் போட்ட ஐஸ் சிலைகள். ஒரு படத்தில் ஐஸ்பாளத்துக்குள் முழு மீன்களும் நண்டுகளும் கண் திறந்தபடி உறைந்து கிடந்தன. அந்தப் பக்கத்தை அவர் இரண்டாந்தரம் திருப்பவில்லை.

யப்பானுக்கு உண்மையில் போனது பாலேஸ்வரிதான். உடுப்புத் தோய்க்கிற அறையில் பெண்கள் பிடித்துக்கொண்டு கேட்க, முதலில் தடுமாறினாள். பிறகு அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ருசி கண்டுவிட்டாள்.

"பச்சை மீனைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினீங்களாம்," என்று ஒருநாள் வந்து புருசனுக்குச் சொன்னாள். "கரடி பாதி முடிஞ்சுதாம். சனம் உங்களைச் சுத்தி நிண்டு படம் எடுத்ததாம்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிளடிஸ் ரெலிபோனில் பாலேஸ்வரியிடம் சொன்னது வேறு. கரடி நன்றாக வந்ததாம், குட்டியின் முகந்தான் பன்றி மாதிரிப் போயிற்றாம். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் சுவருக்கு அந்தப்பக்கம் ரெலிபோன் அடித்தது. சண்முகலிங்கம் இரண்டு மூன்று தரம் "என்ன? என்ன?" என்று கேட்டார். பிறகு ஒரு சத்தம் எழும்பியது. அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நவரட்ணம் நினைத்திருக்கவே மாட்டார்.

"ஐயா! என்ர ஐயா!"

ஊரை விட்டு ஓடி, வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கொட்டிலில் கிடந்த தகப்பன் காய்ச்சலில் போய்விட்டார். செய்தி கொழும்பு சுற்றி வருவதற்குள் எரித்தும் முடிந்துவிட்டது. பார்க்க முகமும் இல்லை, போட வாய்க்கரிசியும் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். கலியாணத்துக்குக் கூப்பிட்டால்தான் போவோம், செத்த வீட்டுக்குக் கூப்பிடாமல் போவோம். சண்டைக்காரனும் போவான். பக்கத்து வீட்டுக்காரன்தான் முதலில் போவான். கதிரை அடுக்க, தேத்தண்ணி ஊற்ற, வருகிறவர்களை இருத்த அவன்தான் நிற்கவேண்டும். நவரட்ணம் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கால் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பியது. அந்த நேரம் பார்த்து இருமல் எழும்பியது. துவாய் கையில் இல்லை. இரண்டு தரம் இருமிவிட்டார். மூன்றாவதை எப்படியோ விழுங்கினார்.

அந்தப்பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

கன நேரம் கழித்து நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டிருக்காது என்று நவரட்ணம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

பாலேஸ்வரி போய்த் தேத்தண்ணி போட்டாள், சோறு கொடுத்தாள். திரும்பிவந்து கதவைச் சாத்தியதும் சீறினாள்.

"பத்மநாதண்ணை யப்பான் நம்பர் கேக்கிறார், உங்களுக்கு அடிச்சுச் சொல்ல. தகப்பனைப் பறிகுடுத்த மனிசன், 'வேண்டாம், அவனைக் குழப்பாதேங்கோ' எண்டு சொல்லுது. எனக்கு நிலத்துக்குள்ள போகலாம் போல கிடந்தது. நீங்களெல்லாம் ஒரு மனிசனா?"

"நாளைக்குப் போறன், பாலேசு."

"என்னெண்டு? கரடியைக் கையில பிடிச்சுக்கொண்டோ?"

மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஒரு நாள் பிந்தப் பிந்தக் கதவு இன்னும் பாரமாகிக்கொண்டு போனது. முதல்நாளே போயிருந்தால் விசா இல்லாதவன் என்று மட்டும் சிரித்திருப்பார்கள். இப்போது போனால் பக்கத்து வீட்டுச் சாவைச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டவன் என்று காறித் துப்புவார்கள். இவ்வளவு தெரிந்தும் கால் எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஊர்ச்சனம் துக்கம் விசாரிக்க வருகிற நாள். காலையில் யன்னல் நீக்கலால் பார்த்தபோது கீழே சண்முகலிங்கம் தனியாகக் கடைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்குப் பால் வாங்கவாக்கும். மழைக்குப் போடுகிற மாதிரி ஒரு மெல்லிய ஜக்கெற். இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகியிருந்தார். தெருமுனையில் ஐஸில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். கையூன்றி எழும்ப, திரும்பவும் வழுக்கியது. தூக்கிவிடப் பக்கத்தில் ஒரு சனமில்லை. ஒரு மாதிரி எழும்பி நொண்டிக்கொண்டு போனார். வாத்துச் சிறகு ஜக்கெற் நவரட்ணத்தின் அலுமாரியில், ஹீற்றருக்குப் பக்கத்தில் சுகமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சீ! நான் ஒரு மனிசனே!" என்றார் நவரட்ணம், வாய்விட்டு. ஒரு கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் உரத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

முகம் கழுவி, உடுப்பு மாற்றி, ஜக்கெற்றைக் கையில் எடுத்து, வாசலில் நின்று நின்று அவர் கதவைத் திறப்பதற்குள் மத்தியானமாகி, பக்கத்து வீட்டில் சனம் நிறைந்துவிட்டது. வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுவது என்ற முடிவோடு உள்ளே போனார். குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு பாலேஸ்வரி அசையாமல் நின்றாள்.

"உவர் யப்பானிலையெல்லோ?" என்றார் பத்மநாதன்.

"நான் யப்பானுக்கு..." என்று தொடங்கினார் நவரட்ணம்.

நிலத்தில் இருந்த சண்முகலிங்கம் எழும்பி வந்தார். நவரட்ணத்தின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பிறகு மனம் கேக்காமல் நான்தான் யப்பானுக்குப் போன் அடிச்சுச் சொன்னனான்," என்றார் சபையைப் பார்த்து. "பாதியில எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்திட்டான்."

போதாதா? பத்மநாதனுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. ஜக்கெற்றை வாங்கித் தடவிப் பார்த்தார். "யப்பான் குளிர் இன்னும் இதில நிக்குது!" என்றார். ஹீற்றர் சூடு அவர் கைக்குத் தெரியவில்லை. அப்போதே ஒரு சின்னப் பேச்சும் பேசினார். சனம் வரிசையாக வந்து நவரட்ணத்தின் கையைப் பிடித்தது. அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் ஆராவது "கதையாதேங்கோ, களைச்சுப்போய் வந்திருக்கிறியள்" என்று தேத்தண்ணியைக் கொடுத்தார்கள்.

அந்தக் கதைதான் இன்றைக்கும் ஓடுகிறது. ரொறன்ரோவில் எந்தச் செத்த வீட்டுக்கு நவரட்ணம் போனாலும், "உவர்தான், யப்பானிலயிருந்து சிநேகிதன்ர தகப்பன்ர சாவுக்கு வந்தவர்" என்று குசுகுசுப்பார்கள். எழும்பி இடம் கொடுப்பார்கள். அவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். என்ன அடக்கம் என்று அதற்கும் ஒரு புகழ். அடுத்த வருடம் கனடாப் பாஸ்போட்டும் கையில் இருக்க, கிளடிஸ் திரும்பவும் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டார்.

ஆனால் அன்று பின்னேரம் சனம் போனபின் நடந்தது ஊருக்குத் தெரியாது. பாலேஸ்வரி கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நவரட்ணம் கதிரைகளை மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டு வந்து சண்முகலிங்கத்துக்கு முன்னால் நின்றார்.

"லிங்கண்ணை, நான் நாளைக்கு எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிப்போடுறன்."

"சொன்னால் நான்தான் பொய்யன், நவம். அப்பன்ர செத்த வீட்டில நிண்டு பொய் சொன்னவன்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார் நவரட்ணம்.

"கக்கூஸ் தண்ணி இழுத்த அண்டைக்கே சந்தேகம். பிறகு உன்ர இருமல்."

"அப்ப ஏன் அண்ணை வந்து கதவைத் தட்டேல்லை?" நவரட்ணம் அழுதுவிட்டார். "ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நான் வந்திருப்பன்."

சண்முகலிங்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"செத்த வீட்டுக்காரனோ நவம் போய்க் கதவு தட்டுறது?"