சுண்டிப் பார்த்த பல்

செல்வநாயகி சுண்டினால் பீங்கான் பொம்மை தன் பேர், ஊர், சூளைக்குள் போன நாள் எல்லாம் சொல்லிவிடும் என்று விருத்தாசலத்தில் ஒரு பேச்சு உண்டு. பதினொரு வருஷம் பட்டறையில் விரிசல் பார்த்துத் தரம் பிரித்தவள். ‘கிண்’ என்றால் கடைக்கு, ‘டொக்’ என்றால் குப்பைக்கு. ஒருமுறை சுண்டிய வேகத்தில் பீங்கான் பிள்ளையாரே தும்மினாராம். அவளே சொன்னது, நம்புவது உங்கள் பாடு.

தூசி ஒத்துக்கொள்ளாமல் டாக்டர் இளமதியின் பல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். குழந்தைகளுக்கு எக்ஸ்ரே எதற்கு என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது அவள் வேலை.

அன்று நாஜியா, ஏழு வயது மகள் சமீராவை அழைத்து வந்தாள். பிள்ளையின் கன்னம் பூரியாய் உப்பியிருந்தது. ஆறு மாசத்துக்கு முன் வந்துபோனவர்கள்தான்; செல்வநாயகி பழைய சீட்டைத் தேடி எடுத்து நீட்டினாள்.

டாக்டர் அதைப் பார்த்தார். “எக்ஸ்ரே வேணாம்னு நீங்கதானேம்மா சொல்லியிருக்கீங்க? ரெண்டு பல்லுக்கு நடுவுல சொத்தை இருந்தா வெளியில தெரியாது. ஆறு மாசம் முன்னாடியே எடுத்திருந்தா அடைச்சிருக்கலாம். இப்ப சீழ் புடிச்சிருக்குது. அடியில முளைக்கிற பல்லுக்கும் ஆபத்து.”

“என் தப்புதான். சமீரா அத்தா துபாய்லேர்ந்து கேட்டா என்ன சொல்லுவேன்?” நாஜியா துப்பட்டாவால் வாயைப் பொத்தி அழுதாள்.

சீட்டில் ‘பெற்றோர் மறுத்தனர்’ என்றிருந்தது செல்வநாயகியின் கையெழுத்து. வாயைத் திறக்காவிட்டால் வேலை தப்பும். ஆனால் அந்தத் தாய் தன் தப்பென்றே ஆயுசுக்கும் அழுவாள்.

“டாக்டரம்மா, அவங்க மறுக்கல. ‘எக்ஸ்ரே கதிரு பட்டா புள்ளைக்கு ஆவுமாக்கா’ன்னு கேட்டாங்க. கூட்டமா இருந்துச்சு. நான் பல்லை நகத்தால சுண்டிப் பாத்தேன். கிண்ணுன்னுச்சு. ‘பால்பல்லுதானே, விழுந்துடும், போங்க’ன்னு அனுப்பிட்டு, நானே எழுதிட்டேன்.”

நாஜியா அழுகையை நிறுத்தினாள். “எம்புள்ள என்ன, ஒங்க பட்டறை பொம்மையாக்கா?”

டாக்டர் எக்ஸ்ரே அறையைக் காட்டினார். செல்வநாயகி கனமான ஈய அங்கியைச் சமீராவுக்குப் போர்த்தினாள்.

“இப்பவாச்சும் உள்ளதச் சொல்லுங்க. கதிரு எவ்ளோ?” என்றாள் நாஜியா.

“ரொம்பக் கொஞ்சம்மா. தேவைன்னா மட்டுந்தான் எடுக்கிறது. அன்னிக்குத் தேவைப்பட்டுச்சு.”

படத்தில் பளபளத்த இரண்டு பற்களின் இடுக்கிலிருந்து ஒரு கறுப்பு நிழல் வேர்வரை இறங்கியிருந்தது. செல்வநாயகி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தானாகவே உண்மையைச் சொன்னதால் டாக்டர் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இன்று எந்தப் பெற்றோர் தயங்கினாலும், கூட்டம் தெருவரை நின்றாலும், உட்காரவைத்துப் பேசுகிறாள். ஆனால் சந்தையில் தேங்காய் வாங்கும்போதுகூட அவள் சுண்டுவதில்லை. கடைக்காரரிடமே தட்டிப் பார்த்துத் தரச் சொல்கிறாள்.