மூக்கரின் முதல் சுங்கான்

மூக்கர், வயது ஐம்பத்தெட்டு, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் எரிவாயுக் காவல் பணியில் இருபத்தேழு ஆண்டு. காலை ஐந்து ஐம்பதுக்கு எரிவாயு அறைக் கதவை நான்கு விரற்கடை திறந்து, குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தரையருகே கொண்டுபோய்ப் பத்து எண்ணுகிறார். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். எண்ணி முடித்ததும் எழுந்து, பதிவேட்டில் "வாசனை இல்லை" என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்.

அறைக்கு மேலே எட்டு மாடிகள், அறுபத்துநான்கு அடுப்புகள். அத்தனைக்கும் இந்த அறையின் சிலிண்டர்களிலிருந்தே குழாய் போகிறது. சுவரில் எச்சரிக்கை மணி ஒன்று உண்டு. பழுதுபட்டு மூன்று ஆண்டாகிறது. "மூக்கர் இருக்கிறப்ப மணி எதுக்குங்க?" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்; மூக்கரும் சிரித்தார். அவருடைய இயற்பெயர் வருகைப் பதிவில் மட்டுமே வாழ்கிறது.

அந்தப் பெயரை அவர் சும்மா வாங்கவில்லை. மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவர் சட்டென நின்று, "அஞ்சாவது மாடி, இடது பக்கத்து வீடு, ரப்பர் குழாய்" என்று சொல்லி, மூன்று மூன்று படிகளாகத் தாவி ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கும் பணியாளர்களை அவர் மதித்ததில்லை. "மூக்கு இல்லாதவன் சோப்பு போடுவான்" என்பார். தீப்பெட்டி வைத்திருப்பவரிடம் பத்தடி தள்ளி நின்றுதான் பேசுவார்.

ஆகவே ஜூலை மாதம் அவருடைய சட்டைப்பையிலேயே ஒரு சோப்புத் தண்ணீர்ப் புட்டி தலைநீட்டியபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஜூன் கடைசியில் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "பால் பொங்கி, தீஞ்சு, பாத்திரமே கரியாப் போச்சு. இவரு பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறாரு! மூக்கை அடகு வெச்சுட்டீங்களான்னு கேட்டேன். பாத்திரத்தை எடுத்து மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டாரு."

ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, மொட்டை மாடியில் கப்பல்காரரும் நானும் உட்கார்ந்திருந்தோம். கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர், மூன்றாம் மாடிவாசி. அவர் புகைபிடிக்கும் குழலான சுங்கானை வீட்டுக்குள் பற்றவைக்கக் கூடாது என்று மொட்டை மாடிக்கு விரட்டியவரே மூக்கர்தான். அந்த மூக்கர் அன்று படியேறி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், நானும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கட்டுமா?"

"யாரு, நீங்களா? மழை கொட்டப் போகுதுய்யா!" கப்பல்காரர் பையைத் துழாவிப் புதிய சுங்கான் ஒன்றை எடுத்தார். முத்து உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைக் குடைந்து, காம்பு செருகிய எளிய சாமான். "நான் வாயில வெச்சதைத் தரமாட்டேன். இது புதுசு, நீங்களே வெச்சுக்குங்க. புகையிலையை உதிரியாப் போட்டு லேசா அமுக்கணும். சுடுதண்ணி உறிஞ்சற மாதிரி மெல்ல இழுக்கணும். வாயோட சரி, நெஞ்சுக்குள்ள விட்டுராதீங்க."

மூக்கர் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புட்டியை எடுத்து, காம்பும் கட்டையும் சேருமிடத்தில் சோப்புத் தண்ணீரைச் சொட்டினார். கிண்ண வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு காம்பில் ஊதினார். நுரை பொங்கியது.

"லீக் இருக்கு சார்."

கப்பல்காரர் சிரித்துப் புரையேறிப்போனார். "யோவ், அது சோளம்யா! சிலிண்டர்னு நெனச்சீங்களா?"

மூக்கர் சிரிக்கவில்லை. வேட்டி முனையால் நுரையைத் துடைத்தார். மூன்று தீக்குச்சிகள் மாடிக் காற்றில் அணைந்தன. நான்காவதைக் கப்பல்காரர் பிடித்தார். முதல் இழுப்பே பலமாகிவிட, மூக்கர் குனிந்து இருமினார். கண்ணில் நீர் கோத்தது. இரண்டாவது இழுப்பை வாயில் நிறுத்தி, "மூக்கு வழியா விடலாமா?" என்று சைகையால் கேட்டார்.

"எரியும்யா, வேண்டாம்."

விட்டார். அப்படியே கண்ணை மூடிக் காத்திருந்தார். உதடுகள் பத்து வரை எண்ணுவது தெரிந்தது.

"சூடு தெரியுது. எரிச்சல் தெரியுது" என்றார். "சார், இதுக்கு என்ன வாசனை?"

கப்பல்காரரின் சிரிப்பு நின்றது. புகையிலை டப்பாவைத் திறந்து மூக்கரின் முகத்தருகே நீட்டினார். தேனில் ஊறிய புகையிலை. ஆறடி தள்ளியிருந்த எனக்கே இனித்தது. மூக்கர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"முன்னெல்லாம் டப்பா மூடியிருந்தாலும் கீழ்த்தளம் வரைக்கும் எனக்கு வரும் சார் இந்த வாசனை. இப்போ காத்துல வரல. வாய்க்குள்ளயே விட்டா வருமான்னு பார்த்தேன்."

கீழே மாலைச் சமையல் தொடங்கியிருந்தது. சன்னல்களின் வழியே அடுப்புப் பற்றவைக்கும் 'டக்' ஒலி ஒவ்வொன்றாக மேலே வந்தது. ஒவ்வொன்றுக்கும் மூக்கரின் தோள் குலுங்கியது.

"காலையில பத்து எண்ணினேன். வாசனை இல்லன்னு எழுதினேன். நாப்பது நாளா அதையேதான் எழுதறேன். நெசமாவே இல்லையா, எனக்குத்தான் தெரியலையா... சொன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க சார். எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"சொல்லலைன்னா?" என்றார் கப்பல்காரர், மெல்ல.

கீழே இன்னொரு 'டக்'. மூக்கர் எழுந்தார். சோப்புத் தண்ணீரைச் சுங்கானுக்குள் ஊற்றிக் நெருப்பை அணைத்தார். விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம். அறைக் கதவை அகலத் திறந்து, உள்ளே போய், முதன்மைக் குழாயின் சிவப்புச் சக்கரத்தை இறுகும்வரை திருகினார். எட்டு மாடிகளிலும் அடுப்புகள் அவிந்தன. செயலாளர் கரண்டியும் கையுமாக வந்து நின்றார்.

"என்னய்யா இது, சமையல் நேரத்துல? கேஸ் நாத்தம் ஏதாவது அடிக்குதா?"

மூக்கர் பதிவேட்டை முழங்காலில் விரித்து, "வாசனை" என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதி, அவர் முன் திருப்பிப் பிடித்தார். அதன் கீழே இருப்பதுதான் அந்தப் பதிவேட்டில் மூக்கரின் கடைசிக் கையொப்பம்: ஆகஸ்ட் பத்து, மாலை ஐந்து இருபத்தைந்து.